விழும் பக்கமே திருப்ப வேண்டும்: சைக்கிள் பழகுவது குறித்து வாசகர் கேள்விகள்

குழந்தைகளுக்குச் சைக்கிள் பழக்குவது பற்றி வாசகர்கள் பலர் எழுதிக் கேட்டிருந்தார்கள். ஒரே ஐயத்தை எழுப்பிய கடிதங்களை ஒன்றாகச் சேர்த்து, சிலவற்றுக்கு விரிவாகவும் சிலவற்றுக்குச் சுருக்கமாகவும் இங்கே பதில் அளித்திருக்கிறோம்.

கேள்வி: ஆறு வயதாகும் என் மகள், பக்கச் சக்கரங்கள் பொருத்திய சைக்கிளை ஓராண்டாக நன்றாக ஓட்டுகிறாள். அவற்றைக் கழற்றியதும் இரண்டடி கூடப் போக முடியாமல் சாய்ந்துவிடுகிறாள். ஓராண்டுப் பழக்கம் எங்கே போயிற்று?

பதில்: அந்தப் பழக்கம் எங்கும் போய்விடவில்லை, அது அப்படியே அவளிடம் இருப்பதுதான் இப்போது தொல்லை. பக்கச் சக்கரங்கள் தரையில் படும்படி பொருத்திய சைக்கிள், பார்வைக்குச் சைக்கிளாக இருந்தாலும், ஓடும் விதத்தில் மூன்று சக்கர வண்டியைச் சேர்ந்தது. அது சாயாது. இடப்பக்கம் போக வேண்டுமென்றால் ஹேண்டில்பாரை இடப்பக்கம் திருப்பினால் போதும். வண்டி நிமிர்ந்தபடியே திரும்ப, உட்கார்ந்திருப்பவரின் உடல் வெளிப்பக்கமாக, அதாவது வலப்பக்கமாகத் தள்ளப்படும். உங்கள் மகளின் கைகளும் இடுப்பும் ஓராண்டாகக் கற்றுக்கொண்டிருப்பது இதைத்தான்.

இரண்டு சக்கரங்களில் நிற்கும் வண்டியின் கதை வேறு. அது ஓடும்போதெல்லாம் ஏதாவது ஒரு பக்கம் விழத் தொடங்கிக்கொண்டே இருக்கிறது. ஓட்டுபவர் அது விழும் பக்கமாகவே முன் சக்கரத்தைச் சற்றுத் திருப்பி, சரிந்த உடலுக்கு அடியில் சக்கரங்களைக் கொண்டுவந்து சேர்க்கிறார். உள்ளங்கையில் நீண்ட குச்சி ஒன்றை நிமிர்த்தி நிறுத்திப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும்: குச்சி எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம்தான் கையும் ஓட வேண்டும். பேலன்ஸ் என்பது உடம்பை அசையாமல் நேராக வைத்துக்கொள்வதில் இருக்கிறது என்று நாம் பொதுவாக எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் அதன் பெரும்பகுதி கைகளில் இருக்கிறது. ஹேண்டில்பாரை அசையவிடாமல் இறுக்கிக் கட்டிவிட்டால், எத்தனை ஆண்டு அனுபவம் உள்ளவரும் சில அடிகளுக்குள் கீழே விழுந்துவிடுவார்.

சாயும் பக்கமே திருப்புவது அச்சம் சொல்லும் வழிக்கு நேர் எதிரானது என்பதால்தான் தொடக்கத்தில் இவ்வளவு கடினமாக இருக்கிறது. இடப்பக்கம் விழப்போகிறோம் என்று உணர்ந்த குழந்தை, வலப்பக்கம் தப்பித்துக்கொள்ளும் எண்ணத்தில் ஹேண்டில்பாரை வலப்பக்கம் வெட்டும். அந்தக் கணமே வண்டி இன்னும் விரைவாக இடப்பக்கம் சரியும். இதை வாயால் விளக்கிக் குழந்தைக்குப் புரியவைக்க முடியாது, புரியவைக்க வேண்டியதும் இல்லை. விழாமல் சாய்ந்து பார்க்க வாய்ப்புக் கொடுத்தால் கைகள் தாமே கண்டுகொள்ளும்.

அதற்கு எளிய வழி, பக்கச் சக்கரங்களோடு பெடல்களையும் கழற்றிவிடுவது. பெரும்பாலும் 15 மில்லிமீட்டர் ஸ்பேனர் ஒன்று போதும். வலப்புறப் பெடலை வழக்கம்போல் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் திருப்பினால் கழன்றுவிடும். இடப்புறப் பெடலின் மரை தலைகீழாக வெட்டப்பட்டிருப்பதால் அதைக் கடிகார முள் சுற்றும் திசையில் திருப்பித்தான் கழற்ற வேண்டும். இது தெரியாமல் முழு வலுவையும் போட்டு எதிர்ப்பக்கம் திருகி மரையைக் கெடுத்துக்கொள்பவர்கள் நிறையப் பேர். பிறகு, குழந்தை உட்கார்ந்த நிலையில் இரண்டு பாதங்களும் முழுமையாகத் தரையில் படிந்து, முழங்கால்கள் இலேசாக மடங்கியிருக்கும் அளவுக்குச் சீட்டை இறக்குங்கள். கெட்டியான மண்தரை அல்லது சிமென்ட் தளமாக, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் சரிவு கொண்ட இடமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். விழுந்தால் வலிக்காது என்று புல்தரையைத் தேர்ந்தெடுப்பவர்கள் உண்டு. ஆனால் புல்லில் சக்கரம் உருளாமல் இழுத்துப்பிடிப்பதால் வேகம் வருவதில்லை, வேகம் இல்லாத சைக்கிளை நிறுத்திப் பிடிப்பதோ பெரியவர்களுக்கே கடினம்.

இனி அவள் செய்ய வேண்டியது, சீட்டில் உட்கார்ந்தபடி நடப்பது. பிறகு தரையை உந்தி ஓடுவது. பிறகு உந்திவிட்டு இரண்டு கால்களையும் தூக்கிக்கொண்டு போகும் வரை போவது. ஓராண்டுப் பழக்கம் அழிய வேண்டியிருப்பதால் முதலில் சற்றுத் தடுமாறுவாள். கால்களைத் தூக்கியபடி நீண்ட தூரம் உருண்டு, வளைவில் உடலைச் சாய்த்துத் திரும்பவும், பிரேக் பிடித்து நிற்கவும் வந்துவிட்டதென்றால் சைக்கிள் பழகியாயிற்று என்றே வைத்துக்கொள்ளலாம். பெடல்களை மாட்டிக் கொடுத்ததும் மிதிப்பது அவளுக்குப் புதிதல்ல. ஓராண்டில் அவள் பெற்ற உருப்படியான பயிற்சி அதுதானே!

வரலாறும் இந்த வரிசையில்தான் நடந்தது. 1817 ஜூன் 12 அன்று ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் கார்ல் டிரைஸ் ஓட்டிக் காட்டிய மர வண்டிக்கு இரண்டு சக்கரங்களும் திருப்பும் பிடியும் இருந்தனவே தவிர, பெடல் கிடையாது. காலால் தரையை உந்தித்தான் ஓட்டினார்கள். முன் சக்கரத்தில் பெடல் பொருத்திய வண்டிகள் பாரிஸ் நகரில் பரவியது 1860-களில்தான். இன்று பேலன்ஸ் பைக் என்ற பெயரில் சிறு குழந்தைகளுக்கு விற்கப்படுவது அந்த முதல் வண்டியின் சிறு வடிவமே.

கேள்வி: மகனுக்குப் பழக்கும்போது நான் பின்னால் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறேன். ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டால்தான் பாதுகாப்பு என்கிறார் என் மனைவி. யார் சொல்வது சரி?

பதில்: இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் உங்கள் கட்சிதான். ஹேண்டில்பாரைப் பெரியவர் பிடித்துக்கொண்டால், குழந்தை கற்க வேண்டிய ஒரே வேலையைப் பெரியவர் செய்துவிடுகிறார். குழந்தை அதன்மேல் பயணியாக உட்கார்ந்திருக்கிறது. சீட்டைப் பிடிப்பதிலும் இதே குறை சற்றுக் குறைந்த அளவில் உண்டு: வண்டி சாயத் தொடங்கும் முன்பே நீங்கள் நிமிர்த்திவிடுவதால், சாய்வுக்கும் கை திருப்பலுக்கும் உள்ள தொடர்பு குழந்தைக்குத் தெரியவே வாய்ப்பில்லாமல் போகிறது. வண்டியை விட்டுவிட்டுக் குழந்தையைப் பிடியுங்கள். பின்பக்கமாகச் சற்று ஒதுங்கி ஓடியபடி, இரு அக்குள்களுக்கும் அருகே கைகளை வைத்திருங்கள். இறுக்கிப் பிடிக்காமல், சாய்வதற்கு இடம் விட்டு, உண்மையாகவே விழும்போது மட்டும் தாங்கிக்கொள்ளுங்கள். முதுகு வலிக்கும் என்பதை மறுப்பதற்கில்லை.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். ‘பிடித்துக்கொண்டுதான் இருக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டே சத்தமில்லாமல் கையை எடுத்துவிடுவது தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் தந்திரம். அது எங்களுக்கு ஏற்புடையதாக இல்லை. குரல் தூரத்தில் கேட்பதை உணர்ந்த குழந்தை திரும்பிப் பார்க்கும், தலை திரும்பினால் தோள் திரும்பும், தோளோடு ஹேண்டில்பாரும் திரும்பும், விழுவது உறுதி. அடுத்த முறை நீங்கள் பிடித்திருக்கும்போதும் அது திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருக்கும். ‘இப்போது விடப்போகிறேன், நேராக அந்தக் கம்பத்தைப் பார்த்து மிதி’ என்று சொல்லிவிட்டு விடுவதே நல்லது.

கேள்வி: சுழலும் சக்கரங்கள் பம்பரத்தைப் போலச் செயல்படுவதால்தான் சைக்கிள் விழுவதில்லை என்று எங்கள் வகுப்பில் சொல்லித் தந்தார்கள். அது உண்மையா? – பள்ளி மாணவி

பதில்: அதில் உண்மை உண்டு, ஆனால் முழு விடை அதில் இல்லை. சுழலும் சக்கரத்துக்குத் தன் அச்சின் திசையைக் காத்துக்கொள்ளும் இயல்பு இருக்கிறது; அதன் விளைவாக, சைக்கிள் சாயும்போது முன் சக்கரம் சாயும் பக்கமாகத் தானே சற்றுத் திரும்ப முற்படுகிறது. ஆனால் ஆளை ஏற்றிக்கொண்டு மெதுவாகப் போகும் சைக்கிளில் அந்த விசை மிகச் சிறியது. 1970-இல் டேவிட் ஜோன்ஸ் என்ற பிரிட்டன் நாட்டு வேதியியலாளர், முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் தரையைத் தொடாத இன்னொரு சக்கரத்தைப் பொருத்தி, அதை எதிர்த்திசையில் சுழலவிட்டு, பம்பர விளைவை ஏறத்தாழ நீக்கிவிட்டுச் சைக்கிளை ஓட்டிப் பார்த்தார். பெரிய இடர் எதுவும் இல்லாமல் ஓட்ட முடிந்தது. அதனால் அவர் வேறொரு காரணத்தை வலியுறுத்தினார்: முன் சக்கரம் தரையைத் தொடும் புள்ளி, ஹேண்டில்பார் சுழலும் அச்சை நீட்டினால் அது தரையைத் தொடும் இடத்துக்குச் சற்றுப் பின்னால் அமைந்திருக்கிறது, இந்த அமைப்பும் முன் சக்கரத்தைச் சாயும் பக்கம் திருப்பிவிடுகிறது என்றார்.

கதை அதோடு முடியவில்லை. 2011-இல் நெதர்லாந்து, அமெரிக்க ஆய்வாளர்கள் சேர்ந்து, இந்த இரண்டு விளைவுகளும் இல்லாத சிறு சைக்கிள் ஒன்றை உருவாக்கி, ஆளில்லாமல் தள்ளிவிட்டு, அதுவும் விழாமல் தானே நிமிர்ந்து ஓடுவதைக் காட்டினார்கள். எடை எங்கெங்கே அமைந்திருக்கிறது என்பதைக் கொண்டே சாயும் பக்கம் முன் சக்கரம் திரும்பும்படி செய்ய முடிந்தது. ஆகவே காரணங்கள் பல இருக்கலாம். அவை எல்லாம் வந்து சேரும் இடம் ஒன்றுதான்: விழும் பக்கம் முன் சக்கரம் திரும்புகிறது. ஓரளவு வேகம் இருந்தால் இந்த வேலையில் ஒரு பங்கைச் சைக்கிளே செய்துவிடும். மெதுவாகப் போகும்போது எல்லாவற்றையும் ஓட்டுபவரே செய்ய வேண்டியிருக்கிறது. புதிதாகப் பழகுபவர்கள் பெரும்பாலும் கிளம்பும்போதும் நிற்கும்போதும் விழுவது இதனால்தான்.

வேறொன்றையும் நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஓரளவு வேகத்தில் போகும்போது, வலப்பக்கம் திரும்ப விரும்பினால், ஹேண்டில்பாரை முதலில் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு இடப்பக்கம் தள்ளுகிறோம். அதனால் உடல் வலப்பக்கம் சாய்கிறது. அதன் பிறகே முன் சக்கரம் வலப்பக்கம் திரும்புகிறது. விமானம் கண்ட ரைட் சகோதரர்கள் சைக்கிள் செய்து விற்றவர்கள். எப்படித் திரும்புகிறீர்கள் என்று சைக்கிள் ஓட்டும் பலரிடம் கேட்டும், எவரும் முதலில் இதைச் சரியாகச் சொல்லவில்லை என்று வில்பர் ரைட் வியந்திருக்கிறார். கைகளுக்குத் தெரிந்தது அவற்றின் சொந்தக்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை.

கேள்வி: வீட்டில் இருக்கும் பெரிய சைக்கிளில், குறுக்குக் கம்பிக்கு அடியில் காலை நுழைத்துக் குரங்குப் பெடல் போட்டு ஓட்டப் பழகிவிட்டான் என் மகன். இது நல்லதா, தடுக்க வேண்டுமா?

பதில்: அவன் சாதித்திருப்பது சாதாரண வேலையல்ல. உடல் முழுவதும் ஒரு பக்கம் தொங்குவதால், எடையை ஈடுகட்டச் சைக்கிளை மறுபக்கம் சாய்த்தே வைத்திருக்க வேண்டும். அந்தக் கோணல் நிலையிலும் விழும் பக்கம் திருப்பக் கைகள் கற்றுக்கொண்டிருக்கின்றன. ஆனால் சிக்கல் வரும்போது காலைச் சட்டென்று வெளியே எடுத்து ஊன்ற முடியாது, பிரேக் லீவரும் சின்னக் கைக்கு எட்டாது. ஆள் நடமாட்டம் இல்லாத திடலோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். முடிந்தால் அவன் உயரத்துக்கு ஏற்ற சைக்கிளைக் கொடுங்கள். ‘வளர்கிற பிள்ளைதானே’ என்று இரண்டு அளவு பெரிதாக வாங்குவதும் இதே தொல்லையில்தான் கொண்டுபோய் விடும்.

கேள்வி: எட்டு வயதுப் பேரன் ஒருமுறை விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டான். அதன் பிறகு சைக்கிளைத் தொடவே மாட்டேன் என்கிறான். அவன் வயதுப் பிள்ளைகள் எல்லாம் ஓட்டுகிறார்கள். என்ன செய்வது?

பதில்: கடைசி வாக்கியத்துக்கு முந்தையதை அவன் காதுபட மீண்டும் சொல்லாதீர்கள், ஐயா. மற்றவர்களோடு ஒப்பிடப்படும் குழந்தை, விழுவதற்கு அஞ்சுவதோடு பிறர் பார்க்க விழுவதற்கும் அஞ்சத் தொடங்கும்.

அச்சத்தில் உடல் என்ன செய்கிறது என்பதைக் கவனியுங்கள். விரல்கள் வெளுக்கும் அளவுக்கு ஹேண்டில்பாரைப் பற்றிக்கொள்கிறான், முழங்கைகள் விறைத்துவிடுகின்றன, கண் முன் சக்கரத்துக்கு நேர் கீழே போய்விடுகிறது. முழங்கை விறைத்தால் ஹேண்டில்பார் சிறிது சிறிதாகத் திரும்பாது, திரும்பினால் வெட்டித்தான் திரும்பும். அவனைத் தைரியமாக இருக்கச் சொல்வதால் பயன் இல்லை. அஞ்சுவதற்குரிய காரணத்தைக் குறையுங்கள். பாதம் முழுவதும் தரையில் படும்வரை சீட்டை இறக்கிவிட்டால், எந்தக் கணத்திலும் தன்னால் நிற்க முடியும் என்பது அவனுக்கே தெரிந்துவிடும். மிதிக்கச் சொல்லாதீர்கள். முதலில் சைக்கிளைப் பக்கத்தில் பிடித்துத் தள்ளிக்கொண்டு நடக்கட்டும். தள்ளிக்கொண்டு போகும்போதே பிரேக்கைப் பிடித்துப் பிடித்து நிறுத்திப் பார்க்கட்டும். விழுந்த குழந்தைகளில் பலர் அஞ்சுவது சாய்வதற்கு அல்ல, நிறுத்தத் தெரியாமல் ஓடிக்கொண்டே இருப்பதற்கு. சின்னக் கைகளுக்குப் பிரேக் லீவர் எட்டாமல் இருப்பதும் உண்டு. பல சைக்கிள்களில் லீவரின் அருகே இருக்கும் சிறு திருகாணியைத் திருப்பி அதை உள்ளே கொண்டுவரலாம். டயரில் காற்றும் போதிய அளவு இருக்க வேண்டும். காற்றுக் குறைந்த சைக்கிள் எவரையும் சோர்வடையச் செய்யும்.

ஒரு நாளைக்குக் கால் மணி நேரம் போதும். அவன் ‘இன்னும் கொஞ்ச நேரம்’ என்று கேட்கும்போதே நிறுத்திவிடுவது, அழுது முடித்த பிறகு நிறுத்துவதைவிட நல்லது.

கேள்வி: ஹெல்மெட் கட்டாயம் தேவையா? முழங்கால் கவசம்?

பதில்: ஹெல்மெட் தேவை. புருவத்துக்கு மேல் இரண்டு விரல் அகலம் விட்டு நேராக உட்கார வேண்டும். நெற்றி தெரியப் பின்னால் சரிந்திருந்தால் பயனில்லை. தாடைப் பட்டைக்குள் ஒரு விரல், மிஞ்சினால் இரண்டு விரல் நுழையும் அளவுக்கு இறுக்கம் போதும். ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை, வெளியே கீறல் தெரியாவிட்டாலும், மாற்றிவிடுங்கள். முழங்கால் கவசம் குழந்தை விரும்பினால் போடட்டும்.

கேள்வி: முப்பது ஆண்டுகளாகச் சைக்கிளைத் தொடாத நான், சென்ற வாரம் பேத்தியின் சைக்கிளில் ஏறினேன். கால் தானாக மிதித்தது! பள்ளியில் மனப்பாடம் செய்த செய்யுள்கள் எல்லாம் மறந்துபோனபோது இது மட்டும் எப்படி மறக்காமல் இருக்கிறது?

பதில்: செய்யுளும் சைக்கிளும் மூளையில் ஒரே இடத்தில் சேர்த்து வைக்கப்படுவதில்லை. பெயர், நிகழ்ச்சி, செய்யுள் ஆகியவற்றை நினைவில் பதிப்பதற்கு மூளையின் ஹிப்போகாம்பஸ் பகுதி வேண்டும். உடல் பழகிய திறன்களுக்குச் சிறுமூளையும், மூளையின் ஆழத்தில் இருக்கும் அடித்தள முடிச்சுகளும் முதன்மையானவை. இது தெளிவானதற்கு ஒரு நோயாளி காரணம். 1953-இல் வலிப்பு நோய்க்காக மூளையில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட அவர், மருத்துவ நூல்களில் எச்.எம். என்ற முதலெழுத்துகளால் நெடுங்காலம் அறியப்பட்டார். அதன் பிறகு புதிய நிகழ்ச்சி எதையும் அவரால் நினைவில் வைத்துக்கொள்ள முடியவில்லை. பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர், கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து ஒரு நட்சத்திரத்தின் கோடுகளுக்கு இடையே வரையும் பயிற்சியை அவருக்குக் கொடுத்தார். நாளுக்கு நாள் அவருடைய கை தேறியது. ஆனால் ஒவ்வொரு நாளும், இதை முன்பு செய்ததாகவே தெரியவில்லை என்றுதான் சொன்னார்.

கையில் ஏறிய பழக்கம் எவ்வளவு பிடிவாதமானது என்பதற்கு இன்னொரு சான்றும் உண்டு. ஹேண்டில்பாரை இடப்பக்கம் திருப்பினால் சக்கரம் வலப்பக்கம் திரும்பும்படி மாற்றி அமைத்த சைக்கிள் ஒன்றை அமெரிக்கப் பொறியாளர் ஒருவர் ஓட்டப் பழகி, அதை 2015-இல் காணொளியாக வெளியிட்டார். சைக்கிள் எப்படி இயங்குகிறது என்பது முழுமையாகத் தெரிந்திருந்தும் அவருக்கு எட்டு மாதம் பிடித்தது. சிறுவனான அவருடைய மகன் இரண்டு வாரத்தில் பழகிவிட்டான். ஆனால், ஐயா, முப்பது ஆண்டுகளில் கைப்பழக்கம் குறையாவிட்டாலும் கண்ணும் கழுத்தும் முன்போல் திரும்புவதில்லை. சில நாள் திடலில் ஓட்டிவிட்டுத் தெருவுக்குப் போங்கள். பேத்தியின் சைக்கிள் உங்கள் முழங்காலுக்கும் ஆகாது.

கேள்வி: சிறு வயதில் எனக்குச் சைக்கிள் பழக்க ஆளில்லை, பெண்பிள்ளைக்கு எதற்கு என்று விட்டுவிட்டார்கள். இப்போது 54 வயது. இனி முடியுமா, சிரிப்பார்களா?

பதில்: முடியும், அம்மா. சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். அமெரிக்காவில் பெண்கள் இயக்கத்தில் முன்னணியில் நின்ற பிரான்சிஸ் வில்லார்ட் தம் 53-ஆம் வயதில்தான் பழகினார். நாள்தோறும் சிறிது நேரமாக ஏறத்தாழ மூன்று மாதம் பழகியதைப் பற்றித் தாமே எழுதி 1895-இல் வெளியிட்டார். அதே ஆண்டில், 65 வயதைக் கடந்திருந்த டால்ஸ்டாய் மாஸ்கோவில் சைக்கிள் கற்றுக்கொண்டார். இன்னும் பின்னால் போனால், சைக்கிள் புதிதாக வந்த 1860-களின் இறுதியில் பழகியவர்கள் பெரும்பாலும் பெரியவர்களே. அவர்களுக்கென்றே பயிற்சிக் கூடங்கள் நடந்தன.

குழந்தைக்குச் சொன்ன அதே முறைதான் உங்களுக்கும்: பெடலைக் கழற்றுங்கள், சீட்டை இறக்குங்கள், காலால் உந்திப் பழகுங்கள். வேறுபாடு ஒன்றே: உயரத்திலிருந்து விழும் பெரியவருக்கு அடி பலமாகப் படும், எலும்பும் முன்போல் இல்லை. ஆகவே குறுக்குக் கம்பி தாழ்ந்த சைக்கிளாகப் பாருங்கள். ஏறுவதும் இறங்குவதும் எளிது. கால் பெடலை எட்டும் தொலைவுக்கு ஏற்பச் சீட்டை உயர்த்துவது நன்றாக ஓட்ட வந்த பிறகுதான். பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் சற்றே மடங்கியிருப்பது சரியான உயரம். சீட்டைத் தாழ்வாகவே விட்டுவிட்டால் முழங்கால் வலியில் முடியும்.

கேள்வி: நான் நன்றாக ஓட்டுகிறேன். ஆனாலும் சாலையில் போக அம்மா விடுவதில்லை. எனக்குப் பத்து வயதாகிவிட்டது. எப்போது போகலாம்?

பதில்: ‘நன்றாக’ என்பதை அம்மாவுக்குக் காட்டு, தம்பி. திடலில் நேராக ஒரு கோடு போட்டுக்கொள். அந்தக் கோட்டை விட்டு விலகாமல் ஓட்டிக்கொண்டே, தோளுக்கு மேல் பின்னால் திரும்பி, அங்கே நிற்பவர் எத்தனை விரல் காட்டுகிறார் என்று உன்னால் சொல்ல முடிகிறதா? ஒரு கையை நீட்டிச் சைகை காட்டும்போது சைக்கிள் வளையாமல் போகிறதா? திடீரென்று ‘நில்’ என்றால், பின் சக்கரம் வழுக்காமல், இரண்டு பிரேக்குகளையும் சேர்த்துப் பிடித்து நிற்கிறாயா? நடக்கும் வேகத்துக்கும் மெதுவாக, காலை ஊன்றாமல் ஓட்டுகிறாயா? இவை எல்லாம் வந்தாலும் ஒன்று மிச்சம் இருக்கிறது: எதிரே வரும் வண்டி எவ்வளவு வேகத்தில் வருகிறது என்பதைக் கணிப்பது உன் வயதில் எல்லோருக்குமே கடினம், அது திறமைக் குறைவு அல்ல, கண்ணும் மூளையும் இன்னும் பழக வேண்டியிருக்கிறது. அதனால் முதலில் அம்மாவோ அப்பாவோ பின்னால் ஓட்டிவர, நீ முன்னால் ஓட்டு; ஒவ்வொரு முனையிலும் நின்று, ‘இப்போது போகலாமா, கூடாதா’ என்று நீயே முதலில் சொல், அவர்கள் பிறகு சொல்லட்டும். இரண்டு பதில்களும் ஒன்றாகவே வருவது வழக்கமாகிவிட்டால், இந்தக் கேள்வியை மறுபடி அம்மாவிடம் கேட்டுப் பார்.